பழைய எனாமல், தகர விளம்பரப் போர்டுகள்: செய்தது யார், எப்போது? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டாறு, வடசேரி, தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய பலசரக்குக் கடைகளை இடித்துக் கட்டும்போது தேயிலை, சோப்பு, மண்ணெண்ணெய், டயர் விளம்பரப் போர்டுகள் வெளியே வருகின்றன. சில வீட்டுச் சுவருக்குப் போகின்றன, மற்றவை ஆக்கர் கடைக்கு எடைக்குப் போகின்றன. இந்தப் பக்கம் அப்படி ஒன்று கையில் கிடைத்தவர்களுக்கு.

என்னிடம் இருப்பது எனாமலா, தகரமா, வெறும் பெயின்டா?

முதலில் தூக்கிப் பாருங்கள். இரண்டடிக்கு மூன்றடி எனாமல் போர்டை 18 கேஜ் (சுமார் 1.2 மில்லிமீட்டர்) இரும்புத் தகட்டில் செய்திருந்தால் தகடு மட்டும் ஐந்தேகால் கிலோ வரும். முன்னும் பின்னும் உள்ள பூச்சையும் சேர்த்தால் ஆறு கிலோவை ஒட்டி நிற்கும். அதே அளவுத் தகர போர்டு ஒன்றேகால் கிலோ சுற்றுதான் இருக்கும், ஏனென்றால் தகடு 0.3 மில்லிமீட்டர்தான்.

அடுத்து ஓரம். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. அதனால் உடைந்த இடத்தில் சிப்பி மாதிரிக் குழிந்து தெறித்திருக்கும், வெள்ளைக்கு அடியில் கருநீலமாகவோ கறுப்பாகவோ ஓர் அடிப்பூச்சு தெரியும். தகர போர்டின் விளிம்பு பின்பக்கமாக மடித்து விடப்பட்டிருக்கும், எழுத்துகள் பலசமயம் புடைத்து நிற்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பின்புற மூலையில் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது பெயின்ட். கடையில் டப்பாவில் விற்கும் ‘எனாமல் பெயின்ட்’டுக்கும் சூளையில் சுட்ட எனாமலுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்பக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். அது தகர போர்டாக இருந்துவிட்டால் படமே போய்விடும்.

காந்தம் இங்கே அதிகம் உதவாது. எனாமலிலும் ஒட்டும், தகரத்திலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் அலுமினியம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

செய்த கம்பெனியின் பெயர் எங்கே இருக்கும்?

கீழ் ஓரத்தின் கடைசி அரை அங்குலத்தில், இடது மூலையிலோ வலது மூலையிலோ, மூன்று நான்கு மில்லிமீட்டர் உயர எழுத்தில் இருக்கும். சட்டம் அடித்து மாட்டிய போர்டுகளில் சட்டத்துக்குள் மறைந்து கிடக்கும். துரு பிடித்திருந்தாலும் பூச்சின் மேல் எழுத்தின் மேடு மிஞ்சியிருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அந்த மேடு நிழலாக விழும்.

மடித்த தகர போர்டில் பெயர் மடிப்பின் பக்கவாட்டில் வரும். இரண்டு பக்கமும் விளம்பரம் உள்ள, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போர்டுகளில் ஆணி அடிக்கும் மடக்குப் பட்டையைப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இருக்கும் பெயர் செய்தவருடையதாகவே இருக்கும் என்று கட்டாயமில்லை. ஆர்டர் பிடித்துக் கொடுத்த விளம்பர ஏஜென்சியின் பெயரும் அங்கேதான் வரும். ‘எனாமல்’, ‘வொர்க்ஸ்’, ‘அயர்ன்’ போன்ற சொல் பெயரோடு இருந்தால் பட்டறை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘அட்வர்டைசிங்’ என்று மட்டும் இருந்தால் பொறுங்கள். ஆனால் அமெரிக்கத் தகர போர்டுகளில் செய்தவர்களே தங்களை அப்படி அழைத்துக்கொண்டதும் உண்டு.

எந்தெந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது?

இங்கிலாந்தில் இந்தத் தொழில் பர்மிங்காம், உல்வர்ஹாம்ப்டன் வட்டாரத்தில் குவிந்திருந்தது. இரும்புத் தகட்டில் எனாமல் பூசி விளம்பரம் செய்யும் முறைக்கு வழி திறந்தவர் பெஞ்சமின் பாவ் என்பவர். 1859இல் காப்புரிமை பெற்றார். இந்த வேலைக்கென்றே எழுந்த பெரிய ஆலை பர்மிங்காமின் செல்லி ஓக் பகுதியில் 1889இல் தொடங்கிய பேட்டன்ட் எனாமல் கம்பெனி. ‘குரோமோ, உல்வர்ஹாம்ப்டன்’ என்று இருந்தால் அது குரோமோகிராஃபிக் எனாமல் கம்பெனி. இம்பீரியல் எனாமல் கம்பெனி, ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் அயர்ன் கம்பெனி, லண்டனின் கார்னியர் ஆகியவையும் பழக வேண்டிய பெயர்கள்.

அமெரிக்காவில் முதல் பெயர் ‘இங்-ரிச்’. பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸில் 1901இல் தொடங்கிய இங்ராம்-ரிச்சர்ட்சன் கம்பெனியின் சுருக்கம் இது. பால்டிமோர் எனாமல் அண்ட் நாவல்டி கம்பெனி தன்னைப் பெரும்பாலும் முதலெழுத்துகளால் குறித்தது. தகர போர்டுக்கு ஓஹியோவின் கோஷாக்டன் ஊர் பேர்போனது. அமெரிக்கன் ஆர்ட் வொர்க்ஸ் அங்கேதான் இருந்தது. வெர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் இருந்த ஏ-எம் சைன் கம்பெனி போர்டுகளில் பெயரின் பக்கத்தில் மாதமும் வருடமும் எண்ணாக இருக்கும். ‘3-52’ என்றால் 1952 மார்ச்.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் போஸ் அண்ட் ஹான், பெல்ஜியத்தின் எமாயரி பெல்ஜ், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் எமாயரி அல்சாசியன். நம் கடைகளில் இவை அரிது.

இந்தியாவில் எனாமல் தொழிலின் மையம் கல்கத்தா வட்டாரம். சுர் எனாமல் அண்ட் ஸ்டாம்பிங் வொர்க்ஸ், கல்கத்தாவை அடுத்த பல்தாவின் பெங்கால் எனாமல் வொர்க்ஸ் என்ற இரண்டு பெயர்களும் மனதில் இருக்கட்டும். தமிழ் எழுத்துள்ள போர்டில் கல்கத்தா முகவரி கண்டு திகைக்க வேண்டாம். தலைமை அலுவலகம் அங்கே இருந்த கம்பெனிகள் எல்லா மொழிப் போர்டையும் ஒரே இடத்தில் ஆர்டர் கொடுப்பது இயல்புதான். தமிழ் தெரியாத பட்டறையில் எழுத்து வெட்டினால் கால் விடுபடும், புள்ளி இடம் மாறும். எழுத்துப் பிழை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு போர்டைப் போலி என்று தள்ளாதீர்கள்.

எனாமல் போர்டை எப்படிச் செய்தார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் போலியைப் பிடிப்பதும், பழுது ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதும் பாதி எளிதாகிவிடும்.

சிலிக்கா மணல், வெண்காரம், ஃபெல்ஸ்பார், சோடா உப்பு, வெடியுப்பு ஆகியவற்றைச் சுமார் 1200 டிகிரியில் உருக்கி, அந்தக் குழம்பை அப்படியே தண்ணீரில் கொட்டுவார்கள். அது பொரிந்து கண்ணாடிக் குருணை ஆகும். அதற்குப் பெயர் ஃபிரிட். இதைக் களிமண், தண்ணீர், நிற ஆக்சைடுகளோடு, உள்ளே உருண்டைகள் உருண்டு அரைக்கும் டிரம்மில் (ball mill) போட்டு அரைத்தால் பாலாடைப் பதத்தில் பூச்சு கிடைக்கும்.

தகட்டை வெட்டி, துளை போட்டு, தேவையானால் லேசாகக் கூன் வளைத்து, எண்ணெய் போகக் கழுவி, அமிலத்தில் முக்கித் துருவை நீக்குவார்கள். துளை எப்போதும் சுடுவதற்கு முன்னால்தான். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் பூச்சு கோபால்ட், நிக்கல் ஆக்சைடு கலந்த அடிப்பூச்சு. கோபால்ட் இல்லாவிட்டால் கண்ணாடி இரும்பைப் பிடிக்காது. முன்னும் பின்னும் பூசி, காயவைத்து, 800 முதல் 850 டிகிரி வரை உள்ள சூளையில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் பூசிச் சுட்டால் ஆறும்போது கண்ணாடியும் இரும்பும் வேறு வேறு அளவில் சுருங்கித் தகடு கோணிப்போகும். பழைய போர்டுகளின் பின்பக்கமும் கறுப்பாகப் பளபளப்பது இதனால்தான்.

அதன்மேல் வெள்ளைப் பூச்சு, மறுபடி சூளை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுற்று. நீலத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், சுட்ட வெள்ளையின் மேல் முழுவதும் நீலம் தெளித்துக் காயவிடுவார்கள். எழுத்து வெட்டிய மெல்லிய உலோகத் தகட்டை அதன்மேல் வைத்து, வெட்டில் தெரியும் காய்ந்த நீலப் பொடியைத் தூரிகையால் துடைத்தெடுத்தால் அடியில் உள்ள வெள்ளை எழுத்தாக வெளியே வரும். மறுபடி சூளை. ஐந்து நிறம் என்றால் ஐந்து தடவை நெருப்பு. ‘க’, ‘ண’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் தீவுப் பகுதி தனியாக விழுந்துவிடாமல் இருக்க அச்சில் சிறு பாலம் விட வேண்டும். பாலத்தின் அடியில் தங்கிய பொடியைப் பிறகு கையால் துடைப்பார்கள். லென்ஸ் வைத்துச் சுழியின் ஓரத்தைப் பார்த்தால் அந்தக் கைவேலையின் தடம் சில போர்டுகளில் தெரியும்.

பின்னாளில் துணித் திரை அச்சு வந்து இந்தத் தகட்டு அச்சுகளை ஒதுக்கியது. மனித முகம், பூ, நிலக்காட்சி போன்ற நுணுக்கமான படங்களைக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து மை ஏற்றி எடுக்கும் முறையில், தாளில் அச்சடித்து, தாளிலிருந்து எனாமலுக்கு ஒட்டி மாற்றிச் சுட்டார்கள்.

தகர போர்டில் இவ்வளவு நிறம் எப்படி வந்தது?

தகரம் வளையாது, கல்லும் வளையாது. இரண்டையும் நேரடியாக அழுத்தினால் மை சீராக ஏறாது. கல்லிலிருந்து மையை முதலில் மிருதுவான உருளைக்கு எடுத்து, உருளையிலிருந்து தகரத்துக்கு மாற்றும் முறைக்கு ராபர்ட் பார்க்லே 1875இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்று செய்தித்தாள் அடிக்கும் ஆஃப்செட் முறைக்கு மூத்தது இது. உருளையின் மேல் முதலில் அட்டை, பிறகு ரப்பர்.

வெள்ளை அடிப்பூச்சு, ஒவ்வொரு நிறமாக அச்சு, இடையிடையே அடுப்பில் உலர்த்தல், மேலே வார்னிஷ். கடைசியில் அச்சில் அழுத்திப் புடைப்பு எடுத்து, ஓரத்தை மடிப்பார்கள். புடைப்பின் உச்சியில் நிறம் முதலில் தேயும், மடிப்பில் முதலில் துரு வரும்.

பெயரே இல்லை. வயதை எப்படிச் சொல்வது?

தனி ஒரு குறியை நம்பாதீர்கள். இரண்டு மூன்று எல்லைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு நல்ல வசதி. இங்கே ஆட்சி, நாணயம், தபால், எழுத்து எல்லாம் தேதி சொல்லும்படி மாறியிருக்கின்றன.

தமிழ் எழுத்தை முதலில் பாருங்கள். ‘லை’, ‘ணை’, ‘னை’, ‘ளை’ நான்கும் துதிக்கை வளைத்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா? ‘ணா’, ‘றா’, ‘னா’ காலோடு சேர்ந்த ஒற்றை எழுத்தாக இருக்கின்றனவா? தமிழ்நாடு அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றது. தேயிலை, புகையிலை, விலை என்று ‘லை’ வராத விளம்பரம் குறைவு, ஆகவே சோதனை எளிது. பழைய வடிவம் இருந்தால் 1978க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, அச்சு மாறச் சில வருடம் ஆகும். ஆனால் புது ‘லை’யோடு ‘1930களின் போர்டு’ என்று ஒருவர் விற்றால் கிளம்பி வந்துவிடுங்கள். பெரியாரின் ‘குடி அரசு’ 1935இலேயே புது எழுத்துக்கு மாறியது உண்மைதான், ஆனால் சோப்புக் கம்பெனிகள் அவ்வளவு முந்திக்கொள்ளவில்லை.

மலையாள எழுத்தும் சேர்ந்திருந்தால் இன்னொரு எல்லை கிடைக்கும். கேரள அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1971. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தவை. இருமொழிப் போர்டு இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. முகவரியில் ‘திருவிதாங்கூர்-கொச்சி’ என்று இருந்தால் 1949க்கும் 1956க்கும் நடுவே என்று துல்லியமாகவே சொல்லலாம்.

விலை சக்கரத்தில் எழுதியிருக்கிறதா? ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. அது சமஸ்தானக் கணக்கு, அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரம். அணா, பை என்றால் 1957 ஏப்ரல் 1க்கு முன்னால். ‘நயா பைசா’ என்றால் 1957 முதல் 1964 வரை. எடை ராத்தலிலும் அவுன்சிலும் இருந்தால் பொதுவாக 1960க்கு முன், ஏனென்றால் மெட்ரிக் எடைகள் 1958இல் தொடங்கிப் படிப்படியாக வந்தன. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின்.

சங்கு முத்திரையோடு ‘அஞ்சல்’ என்று உள்ள போர்டு திருவிதாங்கூர் அஞ்சல் துறையுடையது. அந்தத் துறை 1951இல் இந்தியத் தபாலோடு இணைந்தது.

கம்பெனிப் பெயர்களும் எல்லை தரும். எண்ணெய்க் கம்பெனிகளில் பர்மா ஷெல் 1928 முதல் 1976 வரை. ஸ்டான்வாக் 1933 முதல் 1962 வரை. ‘இந்துஸ்தான் லீவர்’ என்ற பெயர் 1956இல் வந்தது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருப்பது 1996க்கு முன் என்பதற்குச் சான்று. தமிழில் ‘சென்னை’ என்று இருப்பது எதற்கும் சான்றில்லை, தமிழில் முன்பிருந்தே அப்படியும் எழுதிவந்தார்கள்.

ரயில்வே போர்டு பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல், திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலி இணைப்பு 1981. ‘வெள்ளைக்காரன் காலத்து நாகர்கோவில் ஸ்டேஷன் போர்டு’ என்று யாராவது காட்டினால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போலியை எப்படிப் பிடிப்பது?

இன்றும் எனாமல் போர்டு செய்கிறார்கள், அதில் தப்பில்லை. புதியதைப் பழையதாக்கி விற்பதுதான் சிக்கல்.

துளையில் தொடங்குங்கள். சுடும் முன் போட்ட துளை என்பதால் பூச்சு துளையின் உள்விளிம்பு வரை வழிந்திருக்க வேண்டும். பல வருடம் திருகாணி இறுகிய இடத்தில் சேதம் வட்டமாக, திருகாணித் தலையின் அளவுக்கு இருக்கும். அமெரிக்கப் போர்டுகளில் பித்தளை வளையம் இருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பழசாக்கிய போர்டில் எல்லாத் துளையையும் சுற்றி ஒரே மாதிரி உடைசல் தெரியும், ஆனால் திருகாணி அமர்ந்த தடம் இருக்காது.

துரு எங்கே இருக்கிறது? மழை மேலிருந்து வழிகிறது, தண்ணீர் கீழ் ஓரத்தில் தேங்குகிறது. உண்மையான துரு கீழ்நோக்கி வழிந்திருக்கும். அமிலம் தடவிய துரு ஆரஞ்சு நிறத்தில் தூளாக விரலில் ஒட்டும். பழைய துரு கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும்.

விரல்நுனியால் எழுத்தின் ஓரத்தைத் தடவுங்கள். தகட்டு அச்சு வைத்துச் செய்தவற்றில் நிறத்துக்கு நிறம் படி தட்டுப்படும். கீழ் ஓரத்தில் பட்டறைப் பெயருக்குப் பதில் ‘1942’ என்று வருடம் மட்டும் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு லென்ஸில் தகர போர்டைப் பார்த்தால், பழைய கல்லச்சில் புள்ளிகள் கைபோக்கில் ஒழுங்கற்று இருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூவாக ஒழுங்காய் அமைந்திருந்தால் அது பழைய புகைப்படத்திலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்த மறுஅச்சு.

எடையையும் மறக்காதீர்கள். மேலே சொன்ன அளவுப் போர்டு மூன்று கிலோதான் இருக்கிறதென்றால் தகடு மெலிது.

மணவாளக்குறிச்சி மணலுக்கும் எனாமலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெள்ளை எனாமலுக்கு மறைப்புத் தன்மை தருவது ஆரம்பத்தில் வெள்ளீய ஆக்சைடு. பிறகு ஆன்டிமனி, சிர்கோனியம் சேர்மங்கள் வந்தன, 1940களின் பிற்பகுதியிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு. சிர்கான், இல்மனைட், ரூட்டைல் மூன்றும் மணவாளக்குறிச்சிக் கரையில் பிரித்தெடுக்கும் கனிமங்கள். அந்த மணலின் மதிப்பு வெளியே தெரிந்தது 1909இல், இங்கிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டபோது.

இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. தங்கம் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள இடத்தில், போர்டிலிருந்து ஏற்கெனவே உதிர்ந்த வெள்ளைச் சில்லைக் கொடுத்து டைட்டானியம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அளவு சரியாக வராது, கருவி தங்கத்துக்குச் சரிசெய்தது. ஆனால் டைட்டானியக் கோடு உயரமாக நின்றால் அந்த வெள்ளை இரண்டாம் உலகப்போருக்கு முந்தியதல்ல. இதற்காகப் புதிதாகச் சில்லு உடைக்காதீர்கள்.

சுவரில் மாட்டிய போர்டில் அரைநிலா வடிவில் பூச்சு தானாகத் தெறிக்கிறது. ஏன்?

மீன் செதில் மாதிரி உதிரும் இந்தப் பழுது இரும்புக்குள் சிக்கிய ஹைட்ரஜனால் வருவது. சுடும்போது களிமண்ணின் ஈரம் இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகித் தகட்டுக்குள் போகிறது. ஆறியதும் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளுகிறது. சுட்ட சில நாள், சில வாரத்தில் தெரிந்துவிடும். ஆகவே பழைய போர்டில் இன்று புதிதாக இது வராது. இன்று தெறிக்கிறதென்றால் வேறு காரணம்: பின்பக்கத் துரு வீங்கிப் பூச்சைத் தூக்குகிறது, அல்லது தகடு வளைந்திருக்கிறது. கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. வெளியே மாட்டலாமா?

வேண்டாம். முழுப் பூச்சு உள்ள எனாமலுக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, ஆனால் முழுப் பூச்சோடு எந்தப் பழைய போர்டும் இல்லை. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கம் உடைந்த இடத்தில் படிந்த உப்பு காய்வதே இல்லை என்று பொருள். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் ஒரு சிறு சில்லு ஒரே பருவத்தில் உள்ளங்கை அளவுக்குப் பரவும்.

உள்ளே, கடலைப் பார்த்த சன்னல் இல்லாத சுவரில் மாட்டுங்கள். வெட்டுக்கல் சுவர் மழைக்காலத்தில் ஈரம் விடும். போர்டுக்கும் சுவருக்கும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தகர போர்டு என்றால் வெளியே என்ற பேச்சே இல்லை.

எப்படிக் கழுவுவது?

எனாமல்: கலப்படமில்லாத மழைத்தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு காரமில்லாத திரவ சோப்பு, பழைய பருத்தித் துணி. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், துருவுக்கு உப்பு ஊட்டுவது போலாகும். துடைத்தபின் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை, உடனே உலர்ந்த துணி, பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓரங்களிலும் துளைகளிலும் காட்டுங்கள்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் பித்தளைக்கு மட்டும். பழைய சிவப்பு, மஞ்சள் எனாமல் அமிலத்தில் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்துவிடும், திரும்ப வராது. தேங்காய் நார், சாம்பல், ஸ்டீல் கம்பிப் பஞ்சு கூடாது. பிளீச்சிங் பவுடரில் குளோரைடு இருக்கிறது, அதுவும் கூடாது.

தகரம்: சோப்பும் வேண்டாம். காதுப் பஞ்சுக் குச்சியில் தண்ணீர் தொட்டு, பிழிந்து, மூலையில் சோதித்து, ஒரு சதுர அங்குலமாக நகருங்கள். மஞ்சளாகிப்போன வார்னிஷை எடுக்க முயல வேண்டாம். அதன் கீழ்தான் மை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே வரும்.

துருவையும் உடைந்த இடத்தையும் என்ன செய்வது?

தளர்ந்த துருவை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம், பழைய எனாமலிலும் பெயின்டிலும் ஈயம், காட்மியம் இருக்கலாம். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். பிறகு ஐந்து விழுக்காடு டானிக் அமிலக் கரைசலை மெல்லிய தூரிகையால் துருவின் மேல் மட்டும் தொட்டு வையுங்கள். கருத்துவிடும், அதுதான் வேண்டும். ஒரு நாள் காயவிட்டு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை, ஆனிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் புதுப்பித்தால் போதும்.

எம்-சீல் வைத்து நிரப்பி, கார் பெயின்ட் அடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இறுகினால் எடுக்க முடியாது, அடியில் உப்பைப் பூட்டிவைக்கும். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் பாராலாய்டு பி-72 ரெசினை அசிட்டோனில் 15 விழுக்காடு கரைத்து நிறப்பொடி கலந்து வையுங்கள். பிடிக்காவிட்டால் அதே அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். எங்கள் கருத்து: முகம், எழுத்து தவிர மற்ற இடத்தை அப்படியே விடுவது மேல்.

பழைய கதவிலிருந்து எப்படிக் கழற்றுவது? எப்படி மாட்டுவது?

கடப்பாரை நெம்பினால் துளையைச் சுற்றிப் பூச்சு போய்விடும். துருப்பிடித்த திருகாணியில் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டி ஒரு நாள் விடுங்கள். அசையவில்லை என்றால் போர்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஹாக்சா பிளேடை மட்டும் நுழைத்துத் தண்டை அறுங்கள். பலகையோடு கழற்ற உரிமையாளர் சம்மதித்தால் அதுதான் சிறந்த வழி.

கொண்டுபோகும்போது ஓரங்களில் நெடுக வெட்டிய பழைய சைக்கிள் டியூபை மாட்டி, செங்குத்தாக வையுங்கள். படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் தகடு வளைந்து பூச்சு மயிரிழையாக வெடிக்கும்.

மாட்டுவதற்கு 316 தர ஸ்டெயின்லெஸ் திருகாணி, துளையைவிட ஒரு மில்லிமீட்டர் மெலிதாக. முன்னும் பின்னும் நைலான் அல்லது ரப்பர் வாஷர். கைக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள், டிரில் மெஷினால் முடுக்காதீர்கள். புதுத் துளை ஒருபோதும் போடாதீர்கள். துளை கெட்டிருந்தால் கண்ணாடி மாட்டும் கிளிப்பில், கீழே இரண்டு பாரம் தாங்க, மேலே இரண்டு பிடிக்க மாட்டலாம்.

புதிதாக ஒன்று செய்து வாங்க முடியுமா?

முடியும், கேட்க வேண்டியதைக் கேட்டால். ‘எத்தனை டிகிரியில் சுடுவீர்கள்?’ என்பதுதான் முதல் கேள்வி. 200 என்று பதில் வந்தால் அது பவுடர் கோட்டிங். 800க்கு மேல் என்றால் எனாமல். ‘பின்பக்கமும் பூசுவீர்களா?’ என்பது இரண்டாவது. தகட்டில் கார்பன் 0.08 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அதிகமானால் சூளையில் வாயுவாகிப் பூச்சில் கொப்புளம் எழும். மிச்சம் பிடிக்க, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைக் கொடுத்துவிடாதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும், பூச்சும் நிற்காது, புகையும் கெடுதல். மூலைகளை உருட்டி வெட்டச் சொல்லுங்கள், கூரான மூலையில் எனாமல் மெலிந்து முதலில் உடையும்.

என்ன விலை பெறும்?

பளபளப்பு, நடுவில் சேதமா ஓரத்திலா, படம் உண்டா, இவைதான் தீர்மானிக்கும். ஓரச் சேதம் பெரிய குறையில்லை. பட்டறைப் பெயர் இருந்தால் கூடுதல். மறுபூச்சு கண்டால் வாங்குபவர் பாதிக்குக் கேட்பார்.

வளைகுடாவில் இருக்கும் தம்பிக்குக் கொண்டுபோகலாமா?

நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வயது எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள். தபால், ரயில்வே போர்டுகளில் வயது ஒருபுறம் இருக்க, அவை துறையின் சொத்தாக இருக்கலாம். ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம்.